ரெட்டினாயிக் அமிலமும் வெள்ளணு முதிர்ச்சியும்: ஏற்பியே இல்லாத எலியில் நியூட்ரோபில் எப்படி வந்தது?

தளிர்

வணக்கம். இரண்டு கேள்விகள். ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டு என்று தோன்றுவதால் ஒரே இழையில் வைக்கிறேன்.

முதலாவது: வைட்டமின் ஏ உடலில் ரெட்டினாயிக் அமிலமாகி, ஆர்ஏஆர்-ஆல்பா என்ற ஏற்பியைத் தூண்டி, எலும்பு மஜ்ஜையின் ப்ரோமைலோசைட்டை (முதிராத வெள்ளணுவை) நியூட்ரோபிலாக (கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுவாக) முதிர வைக்கிறது என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஆனால் ஆர்ஏஆர்-ஆல்பா மரபணுவை நீக்கிய எலியில் நியூட்ரோபில்கள் இயல்பாகவே இருக்கின்றன. அதே நேரம், 1993இல் வெளியான சோதனையில் செயலற்ற ஏற்பித் துண்டு ஒன்றை எலியின் மஜ்ஜை செல்களுக்குள் புகுத்தியபோது அவை ப்ரோமைலோசைட் நிலையிலேயே நின்றுவிட்டன. ஏற்பி இல்லாவிட்டால் குறையில்லை, கெட்டுப்போன ஏற்பி இருந்தால் எல்லாம் நிற்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

இரண்டாவது, செய்முறை. எச்எல்-60 என்ற மனித லுகீமியாச் செல்களுக்கு 1 மைக்ரோமோலார் அட்ரா (ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம்) கொடுத்தால் ஐந்து நாளில் முதிர வேண்டும். கரைப்பான் மட்டும் சேர்த்த கன்ட்ரோல் குழியிலேயே முதிர்ச்சியைக் காட்டும் சிடி11பி புரதம் ஏறுகிறது. அட்ரா குழியிலோ ஒரு முறை 80 விழுக்காடு, அடுத்த முறை 35. எங்கே பார்க்க வேண்டும்?

மஜ்ஜைவழி

முதல் கேள்விக்கு. ஏற்பி என்றதும் சாவி நுழைந்தால் திறக்கும் பூட்டு என்று நினைத்துக்கொள்வதுதான் சிக்கலின் வேர். ஆர்ஏஆர் காலியாக இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. அது ஆர்எக்ஸ்ஆர் என்ற துணையோடு ஜோடி சேர்ந்து, இலக்கு மரபணுவின் டிஎன்ஏ மீது எப்போதும் உட்கார்ந்திருக்கக்கூடியது. அந்த இடத்தில் ஏஜிஜிடிசிஏ போன்ற ஆறெழுத்துத் தொடர் இரண்டு முறை ஒரே திசையில் வரும். நடுவில் ஐந்து எழுத்து இடைவெளி இருந்தால் டிஆர்5, இரண்டு இருந்தால் டிஆர்2, ஒன்று இருந்தால் டிஆர்1.

அமிலம் இல்லாதபோது அந்த ஜோடி என்கோர், ஸ்மர்ட் என்ற இணை ஒடுக்கிகளைப் பிடித்து வைத்திருக்கும். அவற்றோடு ஹெச்டாக்3 நொதி வரும். அது ஹிஸ்டோன்களின் அசிட்டைல் குழுக்களை நீக்கி, குரோமாட்டினை இறுக்கிவிடும். அமிலம் வந்து பையில் அமர்ந்ததும் ஏற்பியின் கடைசிச் சுருளான 12ஆம் ஹெலிக்ஸ் மடங்கி மூடிக்கொள்கிறது. ஒடுக்கிகள் உட்காரும் பள்ளம் போய்விடுகிறது. அந்த இடத்துக்கு எஸ்ஆர்சி என்ற இணைத் தூண்டிகளின் குடும்பமும், பின்னால் பி300, சிபிபி நொதிகளும் வந்து ஹிஸ்டோனுக்கு அசிட்டைல் ஏற்றுகின்றன. பிறகுதான் படியெடுப்பு ஓடும்.

இப்போது உங்கள் முரணைப் பாருங்கள். ஏற்பியை முழுசாக நீக்கினால் தூண்டுதலும் போகிறது, பிரேக்கும் போகிறது. நியூட்ரோபில் மரபணுக்களைத் தூண்ட பியூ.1, சி/இபிபி குடும்பம் என்ற மரபணு தூண்டும் புரதங்கள், ஜி-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் சமிக்ஞை எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. ஆகவே செல் முதிர்ந்துவிடும். 1993 சோதனையில் புகுத்தியதோ, டிஎன்ஏவைப் பிடிக்கும் ஆனால் அமிலத்துக்குப் பதில் சொல்லாத ஏற்பி. அது நிரந்தரமாக அழுத்திய பிரேக். ஆர்ஏஆர்-ஆல்பா இல்லாத செல்கள் குடுவையில் இயல்பைவிட விரைவாக முதிர்ந்தன என்று 2001இல் வந்த எலி ஆய்வு காட்டியது. இயல்பான எலிக்கு ஏற்பியைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் முதிர்ச்சி தடைபட்டது. எனவே ஆர்ஏஆர்-ஆல்பாவை நியூட்ரோபிலுக்கு இன்றியமையாதது என்று எழுதுவது தவறு. முதிர்ச்சியின் வேகத்தை இரு பக்கமும் திருத்தும் கட்டுப்பாடு என்பதே சரி.

பிப்பெட்

இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கன்ட்ரோல் குழியில் சிடி11பி ஏறுகிறது என்றால் முதலில் கரைப்பானான டிஎம்எஸ்ஓவின் அளவைப் பாருங்கள். எச்எல்-60ஐ முதிர வைக்கப் பயன்படும் இன்னொரு வழக்கமான மருந்தே டிஎம்எஸ்ஓதான். 1.25 முதல் 1.3 விழுக்காட்டில் அது ஏறத்தாழ முழு வேலையும் செய்துவிடும். அரை விழுக்காடு வந்துவிட்டாலே கன்ட்ரோல் கன்ட்ரோலாக இருக்காது. 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

கணக்கு இப்படி: அட்ராவின் மூலக்கூறு எடை 300.44. 50 மி.கி. குப்பியில் 16.6 மி.லி. டிஎம்எஸ்ஓ ஊற்றினால் 10 மில்லிமோலார். அதை டிஎம்எஸ்ஓவிலேயே பத்து மடங்கு நீர்க்க வைத்து 1 மில்லிமோலார் வேலை ஸ்டாக் செய்யுங்கள். மீடியத்தின் ஒவ்வொரு மி.லி.க்கும் 1 மைக்ரோலிட்டர். அட்ரா 1 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 விழுக்காடு. 10, 100 நானோமோலார் குழிகளுக்கும் டிஎம்எஸ்ஓ அதே 0.1 விழுக்காட்டில் இருக்கும்படி தனித்தனி நீர்ப்பு ஸ்டாக் வையுங்கள். ஒரே ஸ்டாக்கிலிருந்து வெவ்வேறு அளவு எடுத்து ஊற்றினால் அட்ராவோடு டிஎம்எஸ்ஓவும் மாறும். அப்புறம் வளைகோட்டில் எது எதனுடையது என்று பிரிக்க முடியாது.

முறைக்கு முறை மாறுவது பெரும்பாலும் ஒளி. அட்ராவில் ஐந்து இரட்டைப் பிணைப்புகள் தொடராக இருக்கின்றன. சாதாரண டியூப்லைட் வெளிச்சமே அதை 9-சிஸ், 13-சிஸ் வடிவங்களாகத் திருப்பும், காற்று ஆக்சிஜனேற்றும். மஞ்சள் விளக்கில் அல்லது ஹூட் விளக்கை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். பழுப்புக் குழலில் சின்னச் சின்ன அலிகாட்டுகளாக்கி, முடிந்தால் நைட்ரஜன் ஊதி, மைனஸ் 80இல் வையுங்கள். உருக்கியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.

ஸ்டாக் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். எத்தனாலில் 10 மைக்ரோமோலாருக்கு நீர்த்து 350 நானோமீட்டரில் உறிஞ்சலை எடுங்கள். 1 செ.மீ. குவெட்டில் 0.45 பக்கம் வர வேண்டும். உச்சம் கீழ் அலைநீளத்துக்கு நகர்ந்து, அளவும் குறைந்திருந்தால் அந்தக் குழலைக் கொட்டிவிடுங்கள். ஐந்து நாள் சோதனையை வீணாக்குவதைவிட இது மலிவு. திரும்பிய ஐசோமர்களை மட்டும் இதை வைத்து முழுசாகப் பிடிக்க முடியாது, அதற்கு மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவிதான்.

தளிர்

வேலை ஸ்டாக் பத்து மடங்கு நீர்த்துதான் இருந்தது என்பதால் டிஎம்எஸ்ஓ சந்தேகம் குறைவு. பிளாஸ்டிக் குழல், திறந்த வெளிச்சம், இரண்டு மூன்று முறை உருக்கியது: இந்த மூன்றும் உண்டு. செல் அடர்த்தியும் காரணமாகுமா?

பிப்பெட்

நிச்சயம். அடர்த்தி கூடிப்போன எச்எல்-60 தானாகவே கொஞ்சம் முதிரும். கன்ட்ரோலில் சிடி11பி ஏறுவதற்கு இது அடுத்த காரணம். பராமரிப்பில் மி.லி.க்கு 1 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், சோதனையை 2 லட்சத்தில் தொடங்குங்கள். பாசேஜ் எண் (செல்லைப் புதுத் தட்டுக்கு மாற்றிய எண்ணிக்கை) ஏற ஏற அட்ராவுக்குப் பதில் குறையும். உறைநிலைக் குப்பியிலிருந்து எடுத்த தேதியைத் தட்டிலேயே எழுதிவைக்கும் பழக்கம் நல்லது.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது: செல் அட்ராவைத் தின்றுவிடுகிறது. அமிலம் தூண்டும் முதல் மரபணுக்களில் ஒன்றே அந்த அமிலத்தைச் சிதைக்கும் சைப்26ஏ1 நொதியின் மரபணு. அதன் புரோமோட்டரில் ஆர்ஏஆர் உட்காரும் இடம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. தன்னைக் கொல்லும் நொதியைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. செல் எண்ணிக்கை அதிகமான குழியில் மருந்து முன்னதாகத் தீரும். 48 மணி நேரத்தில் மீடியத்தை அட்ராவோடு மாற்றிவிடுங்கள்.

சீரம் குறைந்த மீடியமென்றால் அட்ரா பிளாஸ்டிக் சுவரில் ஒட்டும். ஆல்புமின் அதைத் தாங்கி வைத்திருக்கும், அதனால் 0.1 விழுக்காடு மாட்டு ஆல்புமினாவது (பிஎஸ்ஏ) இருக்கட்டும்.

வெண்ணணு

மரபணு அளவில் பார்க்கப்போகிறீர்கள் என்றால் மணிக்கணக்கு முக்கியம். சிடி11பியை மட்டும் வைத்து "ரெட்டினாயிக் அமிலம் இந்த மரபணுவைத் தூண்டியது" என்று எழுதுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. சிடி11பி புரதம் மேலே வருவது 48 மணி வாக்கில். அதற்குள் செல்லுக்குள் எத்தனையோ கைமாறிவிட்டது.

முதல் இரண்டு முதல் ஆறு மணி நேரத்தில் எழும்புபவை நேரடி இலக்குகள்: சைப்26ஏ1, டிஎச்ஆர்எஸ்3 முதலியவை. ஆர்ஏஆர்-பீட்டாவின் புரோமோட்டரில் புகழ்பெற்ற டிஆர்5 இருக்கிறது. ஆனால் பல புற்றுச் செல்களில் அந்த இடம் மெத்தில் ஏறி அடைபட்டிருக்கும். அது ஏறவில்லை என்று பயந்துவிடாதீர்கள். சிடி38 மரபணுவின் முதல் இன்ட்ரானுக்குள்ளேயே ஆர்ஏஆர் தளம் இருப்பதால், எச்எல்-60இல் 24 மணிக்குள் பெரும்பாலான செல்களில் சிடி38 புரதமே தெரியும். மருந்து வேலை செய்கிறதா என்று மறுநாளே அறிய இதைவிட எளிய அளவுகோல் இல்லை. 24 மணியில் சிடி38 இல்லை என்றால் ஐந்து நாள் காத்திருக்க வேண்டாம், ஸ்டாக்கைப் போய்ப் பாருங்கள்.

அடுத்த அலையில் சி/இபிபி-எப்சிலான். நியூட்ரோபில் வரிசையில் அட்ராவின் கீழ் இருக்கும் மிக முக்கியமான இலக்கு இதுதான் என்பது என் கருத்து. இது இல்லாத எலியில் இரண்டாம்நிலைத் துகள்கள் உருவாவதில்லை, உட்கரு இரண்டு மடல்களோடு நின்றுவிடும். மனிதரிலும் இந்த மரபணு பழுதானால் துகள் குறைபாட்டு நோய் வருகிறது. இவற்றுக்கெல்லாம் பிறகுதான் செல் சுழற்சி ஜி1இல் நிற்பது, சிடி11பி, ஆக்சிடேஸ் நொதியின் பாகங்கள்.

நேரடி இலக்கா, இரண்டாம் கை இலக்கா என்று பிரிக்க சைக்ளோஹெக்சிமைடு போடுங்கள். மி.லி.க்கு 10 மைக்ரோகிராம், அட்ராவுக்கு 30 நிமிடம் முன்பு. புதிய புரதம் உருவாக முடியாத நிலையிலும் 4 மணியில் ஆர்என்ஏ ஏறினால் ஏற்பியே அதைத் தொடுகிறது. சைக்ளோஹெக்சிமைடு மட்டும் போட்ட குழி கட்டாயம். சில ஆர்என்ஏக்கள் அதனாலேயே நிலைத்து ஏறுவது போலக் காட்டும். ஆறு மணிக்கு மேல் இழுக்காதீர்கள், செல்கள் செத்துவிடும்.

தளிர்

முதிர்ந்த செல்லைச் சாயத்தால் காட்டும் என்பிடி சோதனையின் அளவுகளையும் யாராவது சொல்லுங்கள். எச்எல்-60 போதுமா, என்பி4 என்ற இன்னொரு லுகீமியாச் செல் வேண்டுமா?

பிப்பெட்

என்பிடி: 2 லட்சம் செல்லை மி.லி.க்கு 1 மி.கி. என்பிடி, செல்லைத் தூண்டும் டிபிஏ 200 நானோகிராம் உள்ள மீடியத்தில் 37 டிகிரியில் 30 நிமிடம். பிறகு பனிக்கட்டியில் வைத்து, குறைந்தது 200 செல்லை எண்ணுங்கள். நீலக்கருப்புப் படிகம் உள்ளவை முதிர்ந்தவை. டிபிஏ இல்லாத ஒரு குழி வேண்டும். டிபிஏவைக் கூடுதல் நேரம் விட்டால் முதிராத செல்லும் மேக்ரோஃபேஜ் பக்கம் சாய்ந்து அடியில் ஒட்டும். நேரத்தை நீட்டாதீர்கள்.

1980இல் வந்த மூல ஆய்வில் 1 மைக்ரோமோலாரில் 90 விழுக்காடு வரை முதிர்ந்தது. 1 நானோமோலாரிலேயே மாற்றம் தொடங்கியது. 35 என்பது செல்லின் இயல்பு இல்லை, மருந்தின் பழுது.

வெண்ணணு

எச்எல்-60 எதற்கு, என்பி4 எதற்கு என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எச்எல்-60 பெயரில் ப்ரோமைலோசைட்டிக் என்று நெடுநாள் ஒட்டியிருந்தாலும், அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகீமியா (ஏபிஎல்) என்ற இரத்தப் புற்றின் அடையாளமான 15-17 குரோமோசோம் இடமாற்றம் அதில் கிடையாது. அது இயல்பான ஆர்ஏஆர்-ஆல்பா வழியாக அட்ராவுக்குப் பதில் சொல்கிறது. அதில் செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணு பெருகியிருக்கிறது, புற்றைத் தடுக்கும் பி53 இல்லை. என்பி4 1991இல் வந்தது, பிஎம்எல்-ஆர்ஏஆர்-ஆல்பா ஒட்டுப்புரதம் அதில் உண்டு. நோயின் மருந்துப் பாதையைக் கேட்கிறீர்களா, என்பி4. ஏற்பியின் இயல்பு வேலையைக் கேட்கிறீர்களா, எச்எல்-60. அதோடு மனித சிடி34 செல்களிலும் (மஜ்ஜையின் இயல்பான முன்னோடிச் செல்கள்) ஒரு முறை பார்த்துவிடுங்கள். எச்எல்-60 முதிர்ந்தாலும் லாக்டோஃபெரின் போன்ற இரண்டாம்நிலைத் துகள் புரதங்களை ஒழுங்காகச் செய்வதில்லை. அதை அட்ராவின் தோல்வி என்று எழுதிவிட வேண்டாம், அந்தச் செல்லின் குறை அது.

குருதிப்பிரிவு

நோயாளியின் பக்கத்திலிருந்து கொஞ்சம். அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகீமியாவில் 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறிக்கொள்கின்றன. மரபியலாளர் ஜேனட் ரவுலி 1977இல் அதைத் திட்டமாகச் சொன்னார். 17இல் இருக்கும் ஆர்ஏஆர்-ஆல்பாவும் 15இல் இருக்கும் பிஎம்எல்லும் ஒட்டிக்கொண்டு ஒரே புரதமாகின்றன. பிஎம்எல் பகுதியின் சுருள் காரணமாக இந்தப் புரதங்கள் கூட்டமாகச் சேர்கின்றன. கூட்டமாகச் சேர்ந்தால் இணை ஒடுக்கிகளை இயல்பைவிட இறுக்கமாகப் பிடிக்கும். ஆகவே இரத்தத்தில் இயல்பாக இருக்கும் சில நானோமோலார் ரெட்டினாயிக் அமிலம் அந்தப் பிடியைத் தளர்த்தாது. ஏறத்தாழ 1 மைக்ரோமோலார் வேண்டும். மஜ்ஜைவழி சொன்ன நிரந்தர பிரேக் இந்த நோயில் இப்படித்தான் விழுகிறது.

ஷாங்ஹாயில் வாங் ஜென்யீயின் குழு 1988இல் 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. அனைவருக்கும் நோய் தணிந்தது. இன்று வழக்கமான அளவு நாளொன்றுக்கு ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 45 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து, உணவோடு. 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு 72 மி.கி. வரும். காப்ஸ்யூல் 10 மி.கி. என்பதால் 70க்கு முழுமையாக்குவோம். சில வாரங்களில் சைப்26 கூடி இரத்த அளவு இறங்கிவிடும். அட்ரா தனியாகக் கொடுத்தால் நோய் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிலே கைநழுவும்? நோய் சந்தேகம் வந்த உடனே, மரபணு முடிவு வருவதற்கு முன்பே அட்ரா தொடங்க வேண்டும். இந்த நோயாளிகள் முதல் நாட்களில் மூளை, நுரையீரல் இரத்தக்கசிவில் இறக்கிறார்கள். பிளேட்லெட்டும் ஃபைப்ரினோஜெனும் அதே நேரத்தில் ஏற்றப்பட வேண்டும். அடுத்து டிஃபரன்ஷியேஷன் சிண்ட்ரோம்: காய்ச்சல், மூச்சுத்திணறல், எடை ஏற்றம், நுரையீரலில் படலம், இரத்த அழுத்த வீழ்ச்சி. ஒரே நேரத்தில் ஏராளமான செல்கள் முதிர்ந்து திசுவுக்குள் நுழைவதால் வருகிறது. சந்தேகித்த உடனே டெக்சாமெத்தசோன் 10 மி.கி. 12 மணிக்கு ஒரு முறை. உறுதியாகட்டும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும்.

மஜ்ஜைவழி

ஒடுக்கி விலகுகிறது, செல் முதிர்கிறது, நோய் குணமாகிறது என்ற கோட்டில் ஒரு இடத்தில் மறுப்பு. முதிர்ச்சியும் குணமும் ஒன்றல்ல. அட்ரா ஏற்பியைத் தூண்டுவதோடு அந்த ஒட்டுப்புரதத்தைச் சிதைவுக்கும் அனுப்புகிறது. ஒட்டுப்புரதம் முழுசாக அழிந்தால்தான் பிஎம்எல் உருண்டைகள் மறுபடி உட்கருவில் கட்டப்படுகின்றன, பி53 விழிக்கிறது, லுகீமியாவை விதைக்கும் செல்கள் ஒழிகின்றன. 2014இல் வெளியான எலி ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஏற்பியை மட்டும் நன்றாகத் தூண்டி, ஒட்டுப்புரதத்தைச் சரியாக அழிக்காத ரெட்டினாய்டுகள் செல்லை முதிர வைத்தன, நோயை ஒழிக்கவில்லை.

ஆர்சனிக் டிரையாக்சைடு வேறு வாசல் வழியாக அதே இடத்துக்கு வருகிறது. அது பிஎம்எல் பகுதியிலுள்ள சிஸ்டீன்களைப் பிடிக்கிறது. சுமோ என்ற குறிப்புரதம் ஏறுகிறது, ஆர்என்எஃப்4 நொதி சிதைவுக் குறியான யுபிக்விட்டினை ஏற்றுகிறது, செல்லின் சிதைப்பு எந்திரமான புரோட்டியசோம் விழுங்கிவிடுகிறது. ஒருபுறம் ஆர்ஏஆர் முனை, மறுபுறம் பிஎம்எல் முனை என்று இரண்டு மருந்தும் சேர்ந்தால் கீமோதெரபியே இல்லாமல் குணம் கிடைக்கிறது. உயர் அபாயம் இல்லாத நோயாளிகளில் 2013இல் வந்த ஆய்வில் இரண்டாண்டு நிகழ்வற்ற வாழ்வு 97 விழுக்காடு. கீமோ சேர்த்த பிரிவில் 86.

குருதிப்பிரிவு

ஏற்றுக்கொள்கிறேன். பிஎம்எல்லுக்குப் பதில் பிஎல்இசட்எஃப் என்ற புரதம் ஆர்ஏஆர்-ஆல்பாவோடு ஒட்டிய 11-17 இடமாற்ற நோயும் உங்கள் பக்கமே சாட்சி சொல்கிறது. அங்கே ஆர்ஏஆர் பாகம் அமிலத்துக்கு மடங்கினாலும், பிஎல்இசட்எஃப் பாகம் தன் கையிலேயே ஒடுக்கிகளை வைத்திருக்கும். அட்ரா தனியாக வேலை செய்வதில்லை. பிஎம்எல் பாகமே இல்லாததால் ஆர்சனிக்குக்கும் பிடி கிடையாது. நுண்ணோக்கியில் ஏபிஎல் போலத் தெரிந்து, பிஎம்எல்-ஆர்ஏஆர்-ஆல்பா பிசிஆர் எதிர்மறை என்றால் இதைத் தேடுங்கள்.

ஆர்சனிக்கைத் தனியாக வைத்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி செய்த வேலையையும் இங்கே குறிப்பிட வேண்டும். புதிதாக நோய் கண்ட 72 பேருக்கு அது முதல் மருந்தாகவே கொடுக்கப்பட்டது. 86 விழுக்காட்டினருக்கு முழுத் தணிவு. 2006இல் வெளியானது. விலையுயர்ந்த கீமோவும் நீண்ட மருத்துவமனை வாசமும் தாங்க முடியாத குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய வாசல் என்பதை வார்டில் நிற்பவர்கள் அறிவார்கள்.

கோதுமைமணி

இடையில் ஒரு பொதுக்கேள்வி, மன்னிக்கவும். வைட்டமின் ஏ மாத்திரை சாப்பிட்டால் இரத்தப் புற்றுக்கு நல்லதா? இரத்தசோகைக்கும் வைட்டமின் ஏ-க்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

குருதிப்பிரிவு

மன்னிப்பு எதற்கு, கேட்க வேண்டிய கேள்விதான். மாத்திரையில் இருப்பது ரெட்டினைல் எஸ்டர். அது கல்லீரலில் சேமிப்பாகும். தேவைக்கேற்ப ரெட்டினாலாக இரத்தத்துக்கு வரும். செல்லுக்குள் ஆர்டிஎச்10 அதை ரெட்டினால்டிஹைடாக்கும், ஏஎல்டிஎச்1ஏ நொதிகள் அமிலமாக்கும். ஒவ்வொரு படியிலும் உடல் கதவு வைத்திருக்கிறது. மாத்திரையை எவ்வளவு கூட்டினாலும் இரத்தத்தில் அமிலம் மைக்ரோமோலாரை எட்டாது. அதற்கு முன்பே கல்லீரல் கெடும், மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறும். லுகீமியாவுக்கு வைட்டமின் ஏ மாத்திரை மருந்தே அல்ல. கர்ப்பிணிகள் மிகையான வைட்டமின் ஏ-யையும், அட்ரா, ஐசோட்ரெட்டினாயின் போன்றவற்றையும் தொடக் கூடாது. கரு உறுப்புகள் உருக்குலையும்.

இரத்தசோகைத் தொடர்பு உண்மை. பற்றாக்குறை உள்ளவர்களில் இரும்பு சேமிப்பிலேயே தங்கி, சிவப்பணு உருவாக்கத்துக்கு வராமல் போகிறது. கருவின் கல்லீரலில் எரித்ரோபாய்ட்டின் மரபணுவை ரெட்டினாயிக் அமில ஏற்பிகள் நேரடியாகத் தூண்டுகின்றன என்பதும் எலியில் தெரிந்த விஷயம். நம் நாட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு 9ஆம் மாதத்தில் 1 லட்சம் அலகும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் அலகும் ஐந்து வயது வரை கொடுக்கிறார்கள். அது பற்றாக்குறைக்கான அளவு. வீட்டில் தாமாகக் கூட்டிக் கொடுக்கக் கூடாது.

மூலச்செல்

எல்லோரும் ப்ரோமைலோசைட்டிலேயே நிற்கிறீர்கள். மேலே, ஸ்டெம் செல் மட்டத்தில், அதே அமிலம் எதிர்த்திசையில் பேசுகிறது. அங்கே முக்கிய ஏற்பி ஆர்ஏஆர்-காமா. அதை நீக்கிய எலிகளில் நீண்டகால ஸ்டெம் செல்கள் குறைந்து, அடுத்த படியிலுள்ள முன்னோடிச் செல்கள் கூடின. 2006இல் தெரிந்தது. ஆல்பா முதிரச் சொல்கிறது, காமா காத்திருக்கச் சொல்கிறது. 2017இல், உறங்கும் ஸ்டெம் செல்களில் ரெட்டினாயிக் அமிலப் பாதை செறிந்திருப்பதும், வைட்டமின் ஏ இல்லாத உணவு கொடுத்த எலிகளில் அந்தச் செல்கள் குறைந்து, மறுபடி உறக்கத்துக்குத் திரும்ப முடியாமல் போவதும் காட்டப்பட்டன.

இதில் இன்னொரு திருப்பம். காமா இல்லாத எலிக்கு இயல்பான மஜ்ஜையை மாற்றி வைத்தாலும் வெள்ளணுக்கள் பெருகும் நோய் வந்தது. அதாவது கோளாறு இரத்தச் செல்லில் இல்லை, அது குடியிருக்கும் மஜ்ஜைச் சூழலில் இருந்தது. நீக்கிய எலியைப் பார்த்து "செல்லுக்குள் இந்த மரபணு இதைச் செய்கிறது" என்று சொல்வதற்கு முன் இருபக்க மாற்று மஜ்ஜைச் சோதனை (நீக்கிய எலிக்கு இயல்பான மஜ்ஜை, இயல்பான எலிக்கு நீக்கிய எலியின் மஜ்ஜை) தேவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மஜ்ஜையின் ஸ்ட்ரோமா செல்கள் சைப்26 நொதியால் அமிலத்தைத் தின்று, பக்கத்திலிருக்கும் மனித ஸ்டெம் செல்லைக் காக்கின்றன என்றும் ஆய்வு உண்டு. குடுவையில் ஏஎல்டிஎச் நொதியை டீப் என்ற தடுப்பானால் அடக்கியபோது மனித ஸ்டெம் செல்கள் பெருகின. எலி செல்லுக்கோ அட்ரா சேர்ப்பதே ஸ்டெம் தன்மையைத் தக்கவைத்தது. எலியின் முடிவை அப்படியே மனித சிடி34 செல்லுக்குத் தூக்கிப் போடாதீர்கள்.

தளிர்

அப்படியென்றால் ஐபிஎஸ் செல்லிலிருந்து (முதிர்ந்த செல்லை ஸ்டெம் நிலைக்குத் திருப்பியது) இரத்த ஸ்டெம் செல் உருவாக்கும்போது அமிலத்தைச் சேர்ப்பதா, விலக்குவதா?

மூலச்செல்

நாளைப் பொறுத்தது. கருவில் ஸ்டெம் செல்லைப் பிறப்பிக்கும் இரத்தம் தரும் எண்டோதீலியத்துக்கு (நாளச் சுவர்ச் செல்களுக்கு) ரெட்டினாயிக் அமிலம் வேண்டும். அதை உண்டாக்கும் ஏஎல்டிஎச்1ஏ2 இல்லாத எலிக் கரு நடுக்காலத்திலேயே இறந்துவிடும். 2022இல் மனித ஐபிஎஸ் செல்களில், சிஎக்ஸ்சிஆர்4 புரதம் உள்ள மீசோடெர்ம் (கருவின் நடு அடுக்கு) பகுதி ஏஎல்டிஎச்1ஏ2ஐ வைத்திருப்பதும், மீசோடெர்ம் நிலையில் ரெட்டினால் கொடுத்தால் அது இரத்த வழிக்குத் திரும்புவதும் காட்டப்பட்டன. 2024இல் ஆஸ்திரேலியக் குழு ரெட்டினைல் அசிடேட் சேர்த்த முறையில், எலியில் நீண்ட காலம் தங்கும் இரத்தச் செல்களைப் பெற்றது.

அட்ராவை நேரடியாகக் கொடுக்காமல் ரெட்டினாலோ அதன் எஸ்டரோ கொடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நொதி உள்ள செல் மட்டுமே அதை அமிலமாக்கிக்கொள்ளும். இல்லாத செல் தன் பாட்டில் இருக்கும். நேரடி அட்ரா தட்டிலுள்ள எல்லாச் செல்லையும் ஒரே நேரத்தில் தட்டும், நரம்பு வழிக்குக்கூட இழுக்கும்.

மீடியத்தின் லேபிளைப் படியுங்கள். பி27 சப்ளிமென்ட் வைட்டமின் ஏ உள்ளது, இல்லாதது என்று இரண்டு விதமாக வருகிறது. அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், தவறி எடுத்தால் ஒரு மாத வேலை போகும். கன்றுச் சீரத்திலும் ரெட்டினால் உண்டு, பேட்சுக்கு பேட்ச் மாறும். ரெட்டினாயிக் அமிலம் இல்லாத கன்ட்ரோல் வேண்டுமென்றால் கரித்தூளில் உரித்த சீரமும், பிஎம்எஸ்493 போன்ற தலைகீழ்த் தூண்டியும் சேர்த்துப் பாருங்கள். தலைகீழ்த் தூண்டி ஒடுக்கிகளை இன்னும் இறுக்குகிறது. வெறும் தடுப்பு மருந்து அமிலத்தை உள்ளே விடாமல் நிறுத்துவதோடு சரி. இரண்டும் வேறுவேறு முடிவு தரலாம்.

வெண்ணணு

எந்த ஏற்பி என்று பிரிக்க: ஆல்பாவைத் தூண்ட ஏஎம்580, அதைத் தடுக்க ரோ 41-5253. ஆர்எக்ஸ்ஆர் பக்கம் பெக்சரோட்டீன். டிடிஎன்பிபி மூன்று ஆர்ஏஆர்களையும் தூண்டும், சைப்26 அதை எளிதில் உடைக்காது. அட்ரா குழி தடுமாறி டிடிஎன்பிபி குழி ஒழுங்காக ஏறினால் உங்கள் சிக்கல் சிதைவில்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் அளவு வளைகோடு போடுங்கள். மைக்ரோமோலாருக்குப் போனால் ஏஎம்580 மற்ற ஏற்பிகளையும் தொடும்.

ஏற்பி டிஎன்ஏவில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கும் சிப் சோதனை செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. முதிர்ந்த எச்எல்-60 துகள்கள் முழுக்க எலாஸ்டேஸ், கத்தெப்சின்-ஜி என்ற புரதம் வெட்டும் நொதிகள். செல்லை உடைத்ததும் அவை உங்கள் ஏற்பியையும் ஹிஸ்டோனையும் வெட்டித் தள்ளும். மூன்றாம் நாள் மாதிரியில் ஆர்ஏஆர் காணவில்லை என்று எழுதப்பட்டவற்றில் சில, குழலுக்குள் நடந்த சிதைவாக இருக்க வாய்ப்புண்டு. 1 விழுக்காடு ஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம், 125 மில்லிமோலார் கிளைசினில் நிறுத்தி, பிறகு எல்லா பஃபரிலும் புதிதாகக் கலந்த பிஎம்எஸ்எஃப்போடு புரோட்டியேஸ் தடுப்பான் கலவை. பிஎம்எஸ்எஃப் நீரில் விரைவில் கெடும். காலையில் கலந்த பஃபரை மாலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. வெட்டிய டிஎன்ஏ 200 முதல் 500 ஜோடி நீளத்தில் இருக்கிறதா என்று ஜெல்லில் பார்த்துவிட்டுத்தான் ஆன்டிபாடியை ஊற்றுங்கள். நேரடிப் பிணைப்பைப் பார்க்க 2 மணி மாதிரியே போதும், அப்போது செல் இன்னும் முதிரவில்லை, நொதித் தொல்லையும் குறைவு.

தளிர்

நன்றி. திட்டத்தை இப்படி மாற்றுகிறேன்: புது ஸ்டாக், 350இல் சோதனை, 2 லட்சத்தில் தொடக்கம். 0, 1, 10, 100 நானோமோலாரும் 1 மைக்ரோமோலாரும், எல்லாவற்றிலும் டிஎம்எஸ்ஓ 0.1. 4 மணியில் சைப்26ஏ1, டிஎச்ஆர்எஸ்3, 24இல் சிடி38, 72இல் சிடி11பி, 5ஆம் நாள் என்பிடி. பக்கத்தில் டிடிஎன்பிபி ஒரு குழி, பிஎம்எஸ்493 ஒரு குழி.

பிப்பெட்

மருந்தே இல்லாத, டிஎம்எஸ்ஓவும் இல்லாத ஒரு குழி விட்டுப்போயிற்று. கன்ட்ரோலில் சிடி11பி ஏறியதற்குக் காரணம் டிஎம்எஸ்ஓவா அடர்த்தியா என்று அந்தக் குழிதான் சொல்லும். இறந்த செல்லைக் கழிக்கும் சாயத்தையும், ஆன்டிபாடி தவறாக ஒட்டுவதைத் தடுக்கும் எஃப்சி பிளாக்கையும் மறக்க வேண்டாம். ஐந்தாம் நாளில் முதிர்ந்தவை இறக்கத் தொடங்கும், இறந்த செல் எந்த ஆன்டிபாடியையும் பிடித்துக்கொள்ளும். 48 மணியில் மீடியம் மாற்றும்போது எல்லாக் குழிக்கும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள், கன்ட்ரோலுக்கும் சேர்த்து.

வெண்ணணு

72 மணிக்குப் பதில் 48, 72 என்று இரண்டு முறை சிடி11பி எடுங்கள். குறைந்த அளவுகளில் வேறுபாடு 48இல்தான் நன்றாகத் தெரியும். 72இல் 100 நானோமோலாரும் 1 மைக்ரோமோலாரும் நெருங்கி வந்துவிடும்.